மூடிய ஜன்னலும் மூன்று ஸ்பூன் தூபமும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஆறரை மணிக்கு, எங்கள் ஃப்ளாட் சங்கச் செயலாளருக்கு நானாகவே போன் போட்டு, "சார், நீங்க ரொம்ப நல்ல மனுஷன்" என்றேன்.

என் கார் நிறுத்தும் இடத்தில் தன் மாப்பிள்ளையின் பைக்கை நிறுத்திவிட்டு, 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சார்' என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் அதே செயலாளர்தான். அவரைப் பற்றி இதே பத்தியில் ஒருமுறை பொரிந்து தள்ளியிருக்கிறேன். அவரும் அதைப் படித்திருக்கிறார்.

மறுமுனையில் அவர் மெதுவாகக் கேட்டார். "சார்... வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்கல்ல?"

நல்லாவா? எனக்கு அந்தப் பைக்கின் மேலேயே அன்பு பொங்கிக்கொண்டிருந்தது! எதிரே சோபாவில் என் மனைவி வசந்தா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். இரண்டு மாதமாகச் சுருங்கிக் கிடந்த முகத்தில் ஒரு தெளிவு. ஹால் முழுக்கப் புகை. ஆஹா, இதைத்தானே தேடிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தேன்.

பத்தாவது நிமிடம் எனக்கு மண்டையைப் பிளந்தது. வசந்தா பாத்ரூம் வரைக்கும்கூடப் போக முடியாமல் நடுவழியிலேயே வாந்தி எடுத்தாள்.

ஞானம் அத்தோடு முடிந்தது.

எதற்காக இந்த வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

வசந்தாவுக்கு இடுப்பு வலி. அது பழைய கதை. புதுக் கதை என்னவென்றால், இடது கால் மரத்துப்போக ஆரம்பித்தது. ஒரு நாள் மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பினோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் அவள் காலில் ஒரு செருப்புதான் இருக்கிறது. இன்னொன்று எங்கே கழன்று விழுந்தது என்றே அவளுக்குத் தெரியவில்லை. நான் சிரித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை.

"உடனே எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கணும். நரம்பு எவ்வளவு நசுங்கியிருக்குன்னு பார்க்காம நான் எதுவும் சொல்ல முடியாது. தள்ளிப்போட்டா கால் பலம் போயிடலாம்" என்றார்.

அங்கேதான் சிக்கல். அந்த ஸ்கேன் மெஷின் ஒரு குழாய். அதற்குள் அரை மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும். வசந்தாவுக்குச் சின்ன வயதிலிருந்தே மூடிய இடம் ஆகாது. லிஃப்டில் ஏற மாட்டாள். மூன்று மாடியும் படிதான். முதல் தடவை ஸ்கேனுக்குப் போனபோது நாலு நிமிடத்தில் கையில் கொடுத்திருந்த பெல்லை அழுத்தி வெளியே வந்துவிட்டாள். இரண்டாவது தடவை ஒன்றரை நிமிடம்.

மயக்க மருந்து கொடுத்து எடுக்கலாம் என்றும் டாக்டர் சொன்னார். "மயக்கம் கொடுத்தா நான் திரும்ப எழுந்திருக்க மாட்டேங்க" என்று வசந்தா அழுதாள். நான் என்ன செய்தேன்? "சின்னக் குழந்தையா நீ?" என்று கேட்டேன். புருஷர்களுக்கு என்று சில வசனங்கள் இருக்கின்றனவே... தயாராக நாக்கு நுனியில்.

மூன்றாவது தடவைக்குத் தேதி வாங்கியாயிற்று. வசந்தா சரியாகச் சாப்பிடுவதில்லை. கேட்டால் 'பசிக்கலை'. இந்த நேரத்தில்தான் அடையாறில் இருக்கும் என் அண்ணன் பெண் ஷ்ருதி வந்தாள். யோகா, தியானம், மண் பானைத் தண்ணீர் என்று வாழ்கிற பெண். ஆன்லைனில் வாங்கிய ஒரு பழுப்புக் காகிதப் பொட்டலத்தைக் கொடுத்தாள்.

"சித்தப்பா, இது சாதாரண ஊதுவத்தி கிடையாது. மூலிகைத் தூபம். மனசையே மாத்தும். சித்திக்குக் கொடுங்க. ஆனா கொஞ்சமா..."

அந்த 'ஆனா கொஞ்சமா' என் காதில் விழவில்லை. 'மனசையே மாத்தும்' மட்டும் விழுந்தது.

எனக்கு ஒரு வியாதி உண்டு. எதையாவது கையில் கொடுத்தால் அது எங்கிருந்து வந்தது, என்ன செய்யும் என்று குடைந்துவிட்டுத்தான் தூங்குவேன். பொட்டலத்தில் இருந்த பெயர்களை எழுதிக்கொண்டு கபாலி கோயில் குளத்துப் பக்கம் கிளம்பினேன். அங்கே ஒரு நாட்டு மருந்துக் கடைக்காரர் எனக்குப் பழக்கம். பட்டியலைப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாக டப்பாவைத் திறந்து காட்டினார்.

சாம்பிராணி... ஒரு மரத்தின் பால், இறுகிப் போனது. குந்திரிக்கம்... அதுவும் மரத்தின் பிசின்தான், சர்ச்சில் பூசையின்போது புகைப்பது. காய்ந்த தாமரை இதழ். அப்புறம் மாசிபத்திரி. இதைத்தான் பொட்டலத்தில் 'கனவு மூலிகை' என்று இங்கிலீஷில் போட்டு, ஒரு நிலா படமும் போட்டிருந்தார்கள்.

"இது நம்ம மரிக்கொழுந்துக்கு ஒண்ணுவிட்ட தம்பி சார்" என்றார் கடைக்காரர்.

மரிக்கொழுந்தா! நாலு கடை தள்ளிப் பூக்காரம்மா கதம்பத்தில் வைத்துக் கட்டுகிறாரே, அதன் உறவா? சரம் சரமாகத் தலையில் வைத்துக்கொண்டு நம் பெண்கள் பஸ்ஸில் போகிறார்கள். யாருக்கும் விசேஷக் கனவு வந்ததாகத் தகவல் இல்லை. அதையே காயவைத்து, நிலா படம் போட்டு, கூரியரில் அனுப்பினால் மந்திரம். எனக்குச் சிரிப்பாக வந்தது. அதே சமயம் ஒரு ஆர்வம். கோயில், சர்ச், தர்கா... எங்கே போனாலும் ஒரு புகை இருக்கிறதே, ஏன்? உள்ளே நுழைந்ததும் தோள் கொஞ்சம் இறங்குகிறதே, அது சாமியா, புகையா? குந்திரிக்கத்தில் மனசை அமைதிப்படுத்தும் சரக்கு இருக்கிறதா என்று எலிகளுக்குக் கொடுத்துக்கூடப் பார்த்திருக்கிறார்களாம், எங்கோ படித்தேன். எலி ஒப்புக்கொண்டதாம். மனுஷன் விஷயத்தில் இன்னும் உறுதியாகச் சொல்ல முடியாதாம்.

"அப்ப இலையைப் புகைச்சா மனசு மாறும்ங்கறது உண்மைதானா?" என்று கேட்டேன்.

"சிலது மாத்தும் சார். சிலது ஆளையே மாத்திடும்" என்றார். "ஊமத்தை விதை கேட்டு வர்றாங்க, புகை போடணுமாம். எவனோ வீடியோ போட்டிருக்கான். நான் 'கடையை மூடப் போறேன்'னு சொல்லி அனுப்பிடுவேன். அது விஷம் சார். தின்னாலும் விஷம், புகைச்சாலும் விஷம். மூலிகைன்னு சொல்லிட்டா நல்லதுன்னு அர்த்தமா?"

நல்ல கேள்வி. அதை நான் கொஞ்சம் யோசித்திருக்கலாம். யோசிக்காமல் கரி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. விளக்கேற்றும் நேரம். சென்னையில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மகாலட்சுமி வருகிற நேரமும் கொசு வருகிற நேரமும் ஒன்றுதான். லட்சுமிக்காகக் கதவைத் திறப்பதா, கொசுவுக்காக மூடுவதா? எங்கள் வீட்டில் கொசுதான் ஜெயிக்கும். ஐந்தே முக்காலுக்கே எல்லா ஜன்னலும் சாத்தியாயிற்று. அதோடு ஏ.சி. வேறு. புகை வீணாகாமல் இருக்கட்டும் என்று கதவுக்கு அடியில் மிதியடியைச் சுருட்டி வைத்தது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

அடுப்பில் கரியைக் கொஞ்சம் காட்டி, பாதி கறுப்பாக இருக்கும்போதே தூபக்காலில் போட்டுக் கொண்டுவந்தேன். பொட்டலத்தில் 'ஒரு சிட்டிகை' என்று இருந்தது. அதுவும் எறும்பு எழுத்தில். நான் கண்ணாடி போடவில்லை. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுகிற கணக்கில் மூன்று ஸ்பூன் போட்டேன். தாராளமாக.

வசந்தாவைச் சோபாவில் உட்காரவைத்து, நானும் எதிரில் உட்கார்ந்தேன். போனைத் தள்ளி வைத்தேன். என்ன ஆகிறது என்று பார்க்கிற ஆவல். அவளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் ஐந்து நிமிடம் அற்புதம். அதன் பிறகுதான் எழுந்து போய்ச் செயலாளருக்குப் போன் போட்டது. மீதி உங்களுக்குத் தெரியும்.

வாந்தி எடுத்துவிட்டு வசந்தா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஓடிப் போய் எல்லா ஜன்னலையும் திறந்தேன். தூபக்காலைத் தூக்கி பால்கனியில் வைத்தேன். பொய் சொல்ல மாட்டேன், பயந்துவிட்டேன். பால்கனியில் நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்து, ஒரு மணி நேரம் விசிறிக்கொண்டே நின்றேன். அவள் நிதானத்துக்கு வந்ததும் சொன்ன முதல் வார்த்தை...

"மடச்சாம்பிராணி."

ஒப்புக்கொண்டேன்.

மறுநாள் காலை டாக்டருக்குப் போன் செய்தால், அவர் அதைவிடக் கடுமையாகச் சொன்னார். "நேத்தே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கணும். அவங்க நரம்புவலிக்கு மாத்திரை சாப்பிடறாங்க. ஏற்கெனவே அதுல அசதி வரும். அதோட என்ன இலைன்னே தெரியாததைக் கொடுக்கறீங்க. நீங்க எழுத்தாளரா, மந்திரவாதியா?"

அந்த வெள்ளிக்கிழமை ஒரு ஆளைத் தேடிப்பிடித்தேன். எங்கள் தெருக் கடைகளுக்கு வெள்ளிதோறும் சாம்பிராணி போட வருகிற யூசுப் பாய். ராயப்பேட்டையிலிருந்து நடந்தே வருவார். முப்பத்தைந்து வயது இருக்கும். சங்கிலி கட்டிய தகர டப்பாவில் கனல், தோளில் பொடிப் பை, கையில் மயில் இறகு விசிறி. கடைக்குள் நுழைந்து, கல்லாவுக்கு ஒரு வீசு, சாமி படத்துக்கு ஒரு வீசு, முதலாளி தலைக்கு ஒரு வீசு. முதலாளி எந்தச் சாமி கும்பிடுகிறவராக இருந்தாலும் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்வார். இந்த ஊரில் எனக்குப் பிடித்த காட்சிகளில் அது ஒன்று.

மெடிக்கல் ஷாப் வாசலில் மடக்கினேன். "பாய், நாள் முழுக்கப் புகையிலேயே இருக்கீங்களே, மனசு ரொம்ப அமைதியா இருக்குமோ?"

"அமைதியா?" பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வூட்டுக்குப் போனா இருமல்தான் சார் வருது. ஆறு தெரு சுத்தறேன், கால் வலி. அமைதி எங்க கீது?"

நான் நடந்ததைச் சொன்னேன். கரி, மூன்று ஸ்பூன், ஏ.சி., மிதியடி... மிதியடி வந்ததும் அவர் விசிறியை நிறுத்திவிட்டார்.

"இன்னா சார் நீங்க! படிச்சவரு! கரியைக் கொண்டாந்து ரூம்ல வச்சிக்கினு கதவ சாத்துனீங்களா? அது சாம்பிராணி வேல இல்ல சார், கரி வேல. மொதல்ல ஜாலியா இருக்கும், அப்பால தல சுத்தும், அப்பால ஆளே எந்திரிக்க மாட்டான். எங்க ஏரியால ஒரு வாட்டி குளுருக்கு கரி பத்தவச்சிக்கினு தூங்கின வூட்ல பெரிய பேஜார் ஆயிப்போச்சு. அல்லா காப்பாத்தினாரு உங்கள."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. செயலாளர் மேல் பொங்கிய அந்த அன்பு... அது கனவு மூலிகை இல்லை, மாசிபத்திரி இல்லை. சரியாகப் பழுக்காத கரியிலிருந்து வந்த விஷவாயுவாகவே இருக்கலாம். எது எவ்வளவு என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று தெரிகிறது. தலை கிறுகிறுத்ததை நான் தியானம் என்று எடுத்துக்கொண்டேன். இப்படி எத்தனை பேர் மூச்சுத் திணறலைப் பரவசம் என்று எண்ணிக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறோமோ?

"அப்ப வீட்ல போடவே கூடாதா பாய்?"

"யார் சொன்னா? போடுங்க. கரிய வெளில வச்சி நல்லா பத்தவச்சி, மேல சாம்பல் பூத்த அப்புறம் உள்ள கொண்டாங்க. ரெண்டு பக்கமும் ஜன்னல் தொறந்திருக்கணும். புகைன்னா இந்தாண்ட வந்து அந்தாண்ட போய்க்கினே இருக்கணும் சார், குந்திக்கினு இருக்கக் கூடாது. ஒரு சிட்டிகைதான். கைக்கொழந்த கீற வூடு, இழுப்பு கீறவங்க வூடுன்னா வாசலோட சரி. நான் உள்ள போக மாட்டேன்." கிளம்பப் போனவர் திரும்பினார். "இன்னொண்ணு. நெருப்ப தனியா வுட்டுட்டுப் போவாதீங்க. முடியற வரிக்கும் யாருனா ஒரு ஆள் கூட குந்தணும்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். இனிமேல் தூபம் என்றாலே ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். வசந்தா ஓடவில்லை.

"அந்தப் பொட்டலம் வேணாம். வெறும் சாம்பிராணி போடுங்க" என்றாள். "அன்னிக்கு முதல் அஞ்சு நிமிஷம் எனக்கு நிஜமாவே நல்லா இருந்துச்சுங்க. ரெண்டு மாசத்துல அந்த அஞ்சு நிமிஷம்தான் அந்தக் குழாய் ஞாபகம் வரலை. அது மட்டும் வேணும்."

டாக்டரைக் கேட்டோம். வெறும் சாம்பிராணி, காற்றோட்டம், ஒரு சிட்டிகை என்றால் சரி என்றார். ஸ்கேனுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. பொட்டலத்தை ஷ்ருதியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். நாலு மணிக்கு, கொசு வருவதற்கு முன்னால், எங்கள் வீட்டில் ஒத்திகை ஆரம்பமாயிற்று.

ஒத்திகை என்றால் ஒத்திகையேதான். டைனிங் டேபிள் மேல் பெட்ஷீட்டைப் போட்டு இரண்டு பக்கமும் தொங்கவிட்டேன். அடியில் பாய் விரித்து வசந்தா மல்லாந்து படுத்தாள். மெஷின் சத்தத்தை இணையத்தில் தேடி, 'டக் டக் டக்... ங்ஙீஈஈ...' என்று டேப்லெட்டில் ஓடவிட்டேன். பால்கனியில் கரியைப் பழுக்கவைத்து, ஜன்னல் ஓரம் தூபக்கால். ஒரு சிட்டிகை. யூசுப் பாய் சொன்னபடி நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். போனை எடுத்தால் கவனம் நெருப்பிலிருந்து போய்விடும் என்று அதையும் பெட்ரூமில் வைத்துவிட்டேன்.

கொரோனா காலத்தில் வாங்கி டிராயரில் கிடந்த, ஆக்சிஜனும் நாடியும் காட்டுகிற அந்த விரல் கிளிப் ஞாபகம் இருக்கிறதா? எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்குமே. அதை அவள் விரலில் மாட்டினேன். ஆராய்ச்சி என்றால் சும்மாவா! டேபிளுக்கு அடியில் நுழைந்ததும் நாடி நூற்று நாலு. கால் மணி நேரம் கழித்து எண்பத்திரண்டு. மறுநாள் எண்பது. மூன்றாம் நாள் எழுபத்தொன்பது! நோட்டில் எழுதி வைத்தேன். சாம்பிராணியே, உன் மகிமைதான் என்ன என்று ஒரு கட்டுரைகூட மனதில் ஓட ஆரம்பித்தது.

ஐந்தாம் நாள் பத்திரிகை ஆபீஸிலிருந்து அழைப்பு. பெட்ரூமில் போன் விடாமல் அடித்தது. நெருப்பைத் தனியாக விடக் கூடாதே... சரி, அதற்குத் துணையாகத்தான் வசந்தா இருக்கிறாளே என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு எழுந்து போனேன். ஐந்து நிமிடம் பேசியிருப்பேன். வந்து பார்த்தால் வசந்தா டேபிளுக்கு வெளியே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறாள். கிளிப்பில் நூற்றாறு.

"என்னாச்சு?"

"தெரியலைங்க. திடீர்னு முடியலை."

நோட்டில் என்ன எழுதினேன் தெரியுமா? 'பொடி நமத்துப்போய்விட்டது. புதிது வாங்க வேண்டும்.'

ஆறாம் நாள் நல்ல மழை. பால்கனியில் கரி பிடிக்கவே இல்லை. தீப்பெட்டி காலியானதுதான் மிச்சம். "இன்னிக்கு லீவு விட்டுடலாமா?" என்றேன். "வேணாம், சும்மாவாவது படுக்கறேன், நீங்க உட்காருங்க" என்றாள். புகையே இல்லை. நான் சும்மா தரையில் உட்கார்ந்திருந்தேன். வெளியே மழை, உள்ளே டக் டக். கால் மணி நேரத்தில் எழுபத்தெட்டு. இதுவரைக்கும் வந்ததில் அதுதான் குறைவு.

இந்த இடத்தில் உங்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை! 'ஐந்து நாள் புகை திரைச்சீலையில் ஊறியிருக்கிறது. அந்த மிச்ச வாசனையே போதுமானதாக இருக்கிறது' என்று அரைப் பக்கம் எழுதினேன். அதிலிருந்து ஒரு யோசனையும் பிறந்தது. ஒரு பருத்திக் கைக்குட்டையைப் புகையில் காட்டிக் காட்டி வாசனை ஏற்றினேன். அதை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் குழாய்க்குள் போக வேண்டியதுதான். முப்பது வருடமாக எழுதுகிறவனின் மூளை, சும்மாவா?

ஸ்கேன் நாள். அடையாறில் இருக்கிற சென்டருக்கு ஆட்டோவில் போனோம். வழியெல்லாம் வசந்தா கைக்குட்டையை மோந்துகொண்டே வந்தாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, கோயிலுக்கா?" என்றார்.

உள்ளே டெக்னீஷியன் ஒரு இளம்பெண். சிரித்த முகம். கையில் ஒரு படிவம். கைக்குட்டையைப் பார்த்து, வாங்கி மோந்து பார்த்தாள்.

"சாரி சார். இதை உள்ள விட முடியாது."

"ஏம்மா? இதுல இரும்பா இருக்கு?"

"புகை வாசனை சார். அந்த ரூம்ல லேசா புகை வாசனை வந்தாலே எங்களுக்கு எங்கேயோ வயர் கருகுதோன்னு பயம் வந்துடும். மெஷினை நிறுத்திட்டு எல்லாரையும் வெளியே கூப்பிட்டுடுவோம். ரூல்ஸ் சார்."

வசந்தாவின் முகம் வெளிறியது. ஆஸ்பத்திரி கவுனை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நான் வரலைங்க. வீட்டுக்குப் போயிடலாம்" என்றாள். பத்து நாள் வேலை ஒரு நொடியில் சரிந்தது. அவள் இடது காலைப் பார்த்தேன். செருப்பு அப்போதும் பாதி கழன்றிருந்தது. அவளுக்குத் தெரியவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்காதீர்கள். அந்தப் பெண்ணிடம் குரலை உயர்த்தினேன். "ஒரு துணிதானேம்மா! வேற என்னதான் வழி இருக்கு, சொல்லு?"

அவள் கோபப்படவில்லை. "சார், அம்மாவுக்குப் பயமா இருந்தா கூட வந்தவர் ஒருத்தர் உள்ளேயே உட்காரலாமே. இரும்புச் சாமான் இல்லாம, உடம்புக்குள்ள பேஸ்மேக்கர் அது இதுன்னு எதுவும் இல்லாம இருந்தா போதும். போன தடவையே சொன்னேனே."

"என்கிட்ட சொல்லவே இல்லையே!"

"அம்மாகிட்ட சொன்னேன் சார். 'கூட வந்தவர் எங்கே'ன்னு கேட்டேன். நீங்க கீழே காபி குடிக்கப் போயிருக்கீங்கன்னு சொன்னாங்க. அதுக்கு முந்தின தடவையும்."

ஆமாம். போயிருந்தேன். இரண்டு தடவையும். அங்கே கீழே ஒரு காபிக் கடை உண்டு.

வசந்தா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மெதுவாகக் கேட்டேன். "நீ ஏன் சொல்லலை?"

"சொன்னா, 'சின்னக் குழந்தையா நீ'ன்னு கேட்பீங்க."

உண்மையைச் சொல்கிறேன், வெட்கமாக இருந்தது. நோட்டில் எழுதிய எண்கள் எல்லாம் அப்போதுதான் வரிசையாகக் கண்ணுக்கு முன்னால் வந்தன. புகை இருந்து நான் இல்லாத நாள் நூற்றாறு. நான் இருந்து புகை இல்லாத நாள் எழுபத்தெட்டு. அதற்குத் திரைச்சீலை மேல் பழி போட்டவன் நான்.

பெல்ட், வாட்ச், சாவி, போன், பர்ஸ்... எல்லாவற்றையும் கழற்றி டிரேயில் வைத்தேன். படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். காதுக்கு ஏதோ கொடுத்தார்கள், மாட்டிக்கொண்டேன். அவிழாமல் இருக்கப் பேன்ட்டை ஒரு கையில் பிடித்தபடி வசந்தாவுக்குப் பின்னால் அந்த அறைக்குள் போனேன். அவள் அந்த நிலையிலும் சிரித்துவிட்டாள்.

அவள் படுத்தாள். கையில் பெல். படுக்கை மெல்ல உள்ளே நகர்ந்தது. தலை போயிற்று, மார்பு போயிற்று. வெளியே தெரிந்தது இரண்டு பாதங்கள் மட்டும். நான் ஸ்டூலில் உட்கார்ந்து, எட்டி அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன்.

குழாய்க்குள்ளிருந்து குரல் வந்தது. "பிடிச்சிருக்கீங்களா?"

"பிடிச்சிருக்கேனே!"

"எது?"

"இடது கால்."

"அதுல எனக்குத் தெரியாதுங்க. வலதைப் பிடிங்க."

மாற்றிப் பிடித்தேன். சத்தம் ஆரம்பித்தது. டேப்லெட்டில் கேட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை. மண்டைக்குள்ளேயே சுத்தியல் விழுகிற மாதிரி. அரை மணி நேரம். போன் இல்லை, நோட்டு இல்லை, நாடி பார்க்கக் கிளிப் இல்லை. இவள் இரண்டு தடவை இதற்குள் தனியாகப் படுத்துப் பயந்தாளே, அப்போது நான் டிகாக்‌ஷன் தண்ணியாக இருக்கிறது என்று கடைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது. அவள் கட்டைவிரல் இரண்டு மூன்று தடவை என் உள்ளங்கையை அழுத்தியது. நானும் அழுத்தினேன். பெல் அடிக்கவே இல்லை.

படத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னது... நரம்பு நசுங்கியிருக்கிறது, ஆனால் சரியான நேரத்தில் பார்த்துவிட்டோம். சின்ன ஆபரேஷன், அடுத்த மாதம். கால் பலம் திரும்பிவிடும் என்று நம்புகிறார். எனக்கு அன்று ராத்திரி நன்றாகத் தூக்கம் வந்தது, வசந்தாவுக்கும்தான்.

சாம்பிராணியை விட்டுவிட்டோமா? இல்லை. புகைக்கு ஒரு வேலையும் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்த மணம் வந்தால் இப்போதும் என் தோள் தானாக இறங்குகிறது. பிசினா, பழக்கமா, பக்தியா... தெரியவில்லை, தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். ஜன்னல் திறந்திருக்கிறது. கரி வெளியே பழுக்கிறது. மேல் மாடியில் ஒரு கைக்குழந்தை வந்திருக்கிறது, அதனால் புகை அந்தப் பக்கம் போகாத ஜன்னலாகப் பார்த்து வைக்கிறோம்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் பொடி டப்பாவைத் திறந்து, எவ்வளவு போடட்டும் என்று கேட்டேன். ஸ்பூனை என் கையிலிருந்து வாங்கித் தள்ளி வைத்துவிட்டு வசந்தா சொன்னாள்:

"புகை ஒரு சிட்டிகை போதும். ஆள்தான் முழுசா வேணும்."